இஞ்சினுக்குப் பவுடர் போட்ட அன்று

"என்னங்க, உங்க வண்டி ராத்திரி ஒண்ணுக்குப் போயிருக்கு. வந்து பாருங்க."

என் மனைவி லயத்து வாசலில் நின்றுகொண்டு காருக்கு அடியில் விரலைக் காட்டினாள். நிறைமாதம். ஒரு கை இடுப்பைத் தாங்கியிருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே போய்க் குனிந்து பார்த்தேன். மண்ணில் ரொட்டி அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். விரலால் தொட்டு மோந்தேன். ஆயில்தான்.

"சும்மா கொஞ்சமாத்தான் கசியுது. பாத்துக்கலாம்" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, எழும்பாமல் இன்னொரு முறை தொட்டு மோந்தேன்.

அந்தக் காரை நான் சவாரி போவதற்காக வாங்கவில்லை. பூண்டுலோயாவுக்கு மேலே மலை உச்சியில் இருக்கிறது, வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் குடியிருக்கிற தேயிலைத் தோட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்பு இவளுக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது அடைமழை. தோட்டத்தில் இருந்த ஒரே ஓட்டோ தலவாக்கலைக்குச் சவாரி போயிருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறிதான் வந்தது. அந்த உடைந்த பாதையில் லொறி குலுங்கிக் குலுங்கி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவேயில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. வந்திருந்தாலும் முடிந்திராது என்றும் யாரும் சொல்லவில்லை. அது எனக்குள்ளே அப்படியே கிடந்தது.

அதனால் இவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடனே கார் ஓட்டப் பழகினேன். கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு சின்னக் காரை வாங்கி லயத்து வாசலில் நிறுத்தினேன். நினைத்த நேரத்தில் ஏறிப் புறப்பட வேண்டும் என்பதால், அதன் மூக்கு எப்போதும் மேலே ரோட்டைப் பார்த்தபடிதான் இருக்கும். பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருப்பேன். அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்ட கார் இப்போது கசிகிறது.

டவுன் கராஜ் பாஸ் பொனட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். இஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும், ஒரு கிழமையாவது வண்டி இங்கே கிடக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். "ஒரு கிழமை என்கிட்ட இல்ல பாஸ்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் யோசித்தேன்: நான் டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறவன். தினமும் எத்தனை போனைக் கழற்றி மாட்டுகிறேன். இதிலும் நட்டுத்தானே, கொஞ்சம் பெரிய நட்டு. அவ்வளவு திமிர் எனக்கு.

படிப்பதற்கு வீடியோக்கள் இருந்தன. சென்னைப் பக்கத்து ஆள் ஒருவர், கை முழுக்க கிரீஸ். "நண்பர்களே, முதல்ல வண்டிய மட்டமா நிறுத்திக்கங்க" என்றுதான் ஒவ்வொரு வீடியோவையும் தொடங்குவார். நான் எங்கள் வாசலைப் பார்த்தேன். மேடு பள்ளம் கிடையாது. கல் கிடையாது. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த என் மாமியார் நாள் தவறாமல் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். மட்டமாகத்தான் இருந்தது. அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, விறகுக்கு வைத்திருந்த மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே போனேன். அவள் முக்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் அவளுடைய கால் விரல் என் பாதத்தில் வந்து சுரண்டும்.

"உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

"சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க. எனக்கு உங்க கால் மட்டுந்தான் தெரியுது."

ஆயில் இறக்குகிற அடி நட்டுதான் நனைந்திருந்தது. திருடனைப் பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். நட்டுக்குப் புது செம்பு வாஷர் வாங்கிப் போட்டு, பலம் உள்ளவரை முறுக்கினேன். அடுத்த நாள் காலையிலும் வாசலில் அதே ரொட்டி, இன்னும் கொஞ்சம் பெரிதாக.

ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இஞ்சினுக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் நனைந்த இடம் அளவைக் காட்டும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எனக்குக் கம்பியின் நுனி மட்டும்தான் நனைந்தது. அட கடவுளே, இவ்வளவு ஒழுகிவிட்டதா என்று ஊற்றினேன். அடுத்த நாளும் குறைவாகத்தான் காட்டியது. மறுபடி ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கசிந்தது, கசியக் கசிய ஊற்றினேன். இஞ்சின் வறண்டு பாதி மலையில் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அதே பயத்தில்தான் அவளுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தேன். காலையில் பால், பத்து மணிக்கு அவித்த முட்டை, மத்தியானம் கீரை, மறுபடி முட்டை. இடையில் பேரீச்சம்பழம். அவள் வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் கரண்டியோடு மறுபக்கம் போய் நிற்பேன்.

"காலையில எந்திரிச்சா எனக்குப் பால், வண்டிக்கு ஆயில்" என்பாள். "ரெண்டு பேரையும் ஒரு வழி பண்ணாம விடமாட்டீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எதிர்பார்க்காத இடத்திலெல்லாம் ஒழுக ஆரம்பித்தது. இஞ்சினின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். எங்கிருந்து வருகிறது என்று எந்தப் பக்கத்திலிருந்தும் பிடிபடவில்லை. பேய் பிடித்தவன் மாதிரி கத்திக்கொண்டு கையிலிருந்த ஸ்பேனரைத் தேயிலைக்குள் வீசி எறிந்தேன்.

அவள் அது போய் விழுந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு, "எறிஞ்சாச்சில்ல. இப்பப் போய்த் தேடி எடுங்க. அது இல்லாம எப்படிக் கழட்டுவீங்க?" என்றாள்.

அட்டைக்கடி வாங்கிக்கொண்டு தேடி எடுத்து வந்தேன். கணுக்காலில் இரத்தம் வழிந்தது. அவள் சாம்பலை அள்ளி வந்து, அந்த வயிற்றோடு குனிய முடியாமல், என் கையில் கொடுத்தாள்.

"வண்டி ஓடலன்னா நான் நடந்தாச்சும் போயிருவேங்க. எனக்கு வலியப் பத்திப் பயமில்ல. நீங்க இப்படி நடுங்குறதப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

முக்காலிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். வாசலில் மாமியார் இருந்தார், சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அண்ணன் இருந்தார். இருந்தால் இருக்கட்டும் என்று தோன்றியது.

சென்னைக்காரரிடமே திரும்பப் போனேன். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் இஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அதன் மேல் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள் என்றார். ஆயில் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கிருந்து வெள்ளையில் கறுப்புக் கோடு விழுமாம். முகத்துக்குப் போடுகிற பவுடரே போதுமாம்.

நான் உடுத்திக் கிழிந்த பழைய சாரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து இஞ்சினின் மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பவுடர் டப்பாவைத் தட்டினேன். பொட்டு அளவுக்குத்தான் விழுந்தது.

"நாளைக்கு டவுன்ல வாங்கிட்டு வாறேன்" என்று கையைத் துடைத்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். ட்ரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவள் கையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குழந்தைப் பவுடர் டப்பா இருந்தது. உடைக்காத டப்பா.

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில், பிறப்பதற்கு முன்பு பிள்ளைக்கென்று எதையும் வாங்கி வைப்பதில்லை. ஒரு துண்டுத் துணிகூட வீட்டுக்கு வராது. என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் மலைக்கு ஏறியதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தூங்கவைப்பது அவள் பாடு. முதல் பிள்ளைக்குக் கிளினிக் போய்த் திரும்பும்போது நுவரெலியா கடையொன்றில் ஆசையாக அதை வாங்கினாள். "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் நாந்தானே போட்டு விடுறேன். எம் புள்ளைக்கு நானே வாங்கினது ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். பிறகு எல்லாம் முடிந்து வெறுங்கையோடு திரும்பியபோது, முன்னாடியே வாங்கினால் இப்படித்தான் என்று லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மாமியார் அதை ஆற்றில் போட்டுவிட்டு வரச் சொன்னார். அவளும் எடுத்துக்கொண்டு போனாள். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இத நீ ஆத்துல போடலையா?"

"போடத்தான் போனேன். மனசு வரல. சேலைக்கு அடியில வச்சிட்டேன்."

"வேணாம். இது வேணாம். நாளைக்கு நான் வாங்கிட்டு வாறேன்."

"நாளைக்கே வலி வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

மாமியார் வாசற்படியில் நின்றார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வச்சு வச்சு என்ன செய்யப்போறா. போடட்டும் தம்பி" என்றார்.

அவள் டப்பாவைத் திருகித் திறந்தாள். நான் கையை நீட்டினேன், தரவில்லை. தானே இடது உள்ளங்கையில் கொட்டி, வலது விரல்களால் எடுத்து, இஞ்சினின் மேல் மூடியிலிருந்து தொடங்கி மெதுவாகத் தூவினாள். பிள்ளைக் காம்பராவில் எப்படிச் செய்வாளோ அப்படியே. முதலில் மேலே, பிறகு மடிப்புகளில், இடுக்குகளில். உள்ளே எட்டாத இடத்தில் ஊதிவிட்டாள்.

"கண்ண மூடிக்கடா செல்லம்" என்றாள் இஞ்சினிடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. பவுடர் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த நேரத்தில் அவளை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இன்றுவரை அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தோம். நான் இத்தனை நாள் மல்லுக்கட்டிய அடி நட்டில் ஒன்றுமே இல்லை. மேல் மூடியின் பின் மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு கிளம்பி வெள்ளையில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வழிந்ததுதான் அடியை எல்லாம் நனைத்திருக்கிறது. ஆனால் கோடு நேராக இறங்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து ஓடியிருந்தது.

"ஏங்க இது கோணலா ஓடியிருக்கு?"

"அது நேராத்தான் ஓடியிருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நின்றேன். "வண்டிதான் கோணலா நிக்குது."

மட்டம் என்ற சொல்லில்தான் நான் விழுந்திருந்தேன். கொழுந்தெடுப்பவர்கள் செடிக்கு மேல் நீளமாக ஒரு கம்பை வைப்பார்கள். மட்டக்கம்பு. அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். என் அம்மா அந்தக் கம்போடுதான் மலைக்குப் போனவர். மலை எப்படிச் சரிகிறதோ அந்தச் சரிவுக்கு ஒத்துத்தான் கம்பும் கிடக்கும். எங்களுக்கு அதுதான் மட்டம். ஏற்றத்தாழ்வு தட்டாமல் ஒரே சீராக இருந்தால் போதும். சாய்ந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. சாயாத இடம் எங்கே இருக்கிறது? கட்டில் காலுக்குக்கூடக் கட்டை வைத்துத்தான் படுக்கிறோம். சென்னைக்காரர் மட்டம் என்று சொன்னபோது அவர் சொன்னது ஒன்று, எனக்குக் கேட்டது வேறொன்று.

மூக்கு மேட்டைப் பார்த்து நின்றதால் ஆயிலெல்லாம் பின்னால் ஒதுங்கியிருக்கிறது. கம்பி இறங்குகிற இடத்தில் ஆயில் இல்லை. இல்லையென்று நான் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தோட்டத்தில் நிஜமாகவே தண்ணீர் மட்டமான இடம் ஒன்றுதான். லயத்துக்குக் கீழே இருக்கிற, கொழுந்து நிறுக்கிற மடுவம். தராசு கோணாமல் நிற்க வேண்டும் என்பதற்காக அங்கே பார்த்துப் பார்த்துச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். ஞாயிறு என்பதால் அங்கே யாரும் இல்லை. இஞ்சினைப் போடாமல், பிரேக்கில் காலை வைத்தபடி காரைப் பின்னோக்கி மெல்ல உருட்டினேன். பக்கத்துக் காம்பரா அண்ணன் சக்கரத்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, இன்னும் வா" என்று கூடவே வந்தார். அவளும் மாமியாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். சாப்பாட்டுப் பீங்கான் ஒன்றைத் தரையில் வைத்து, அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். தண்ணீர் நாலு பக்கமும் விளிம்புக்கு ஒரே அளவில் நின்றது.

"இனி நம்பலாம்" என்றாள்.

ஆயில் வடிந்து அடங்கும் வரை காத்திருந்து கம்பியை உருவினேன். மேல் கோட்டையெல்லாம் தாண்டி நனைந்திருந்தது. இஞ்சின் கொள்ளாத அளவுக்கு ஊற்றியிருக்கிறேன். உள்ளே இடமில்லாமல் அழுத்தம் ஏறி, மேல் மூடியின் பழைய ரப்பர் பெக்கிங்கை நெருக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. முதலில் சொட்டாக இருந்ததைப் பெரிதாக்கியது நான்தான்.

அடி நட்டைத் தளர்த்திப் பேசினில் வடியவிட்டேன். வடிந்தது, வடிந்தது, வடிந்துகொண்டே இருந்தது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பாவங்க அது" என்றாள் அவள். "வயிறு முட்டிப்போச்சு, வாய்விட்டுச் சொல்லத் தெரியல. வெளிய விட்டிருக்கு." பிறகு என் தோளில் கையை வைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லத் தெரியும். நாளையிலருந்து ரெண்டாவது முட்டைய நிப்பாட்டுங்க" என்றாள்.

அடுத்த நாள் புது பெக்கிங் வாங்கி வந்து மேல் மூடியைக் கழற்றி மாட்டினேன். முதல் முறை ஒரு மூலை மடிந்துபோய் மறுபடி கழற்ற வேண்டி வந்தது. இந்த முறை ஸ்பேனரை எறியவில்லை. காருக்கு அடியில் பேப்பரை விரித்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் அவள் குரல்தான் முதலில் கேட்டது.

"என்னங்க, புள்ள நனைக்கலங்க!"

அந்தக் கிழமை முடிவதற்குள் வலி எடுத்தது. காலையில் பேர் பதிகிற பெரட்டு கலைந்து பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். எங்கும் மூடுபனி. அவளும் மாமியாரும் பின்சீட்டில் ஏறினார்கள். அண்ணன் கல்லை எடுத்தார். சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே எடுத்துக்கொண்டது. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் பாதையை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஏற்றத்தில் இஞ்சின் சூடேறியது. கண்ணாடியில் பனி படிகிறதென்று காற்றைத் திறந்துவிட்டிருந்தேன். இரண்டு வளைவு தாண்டியிருப்போம்.

"ஏதோ வாசம் வருதுங்க" என்றாள்.

கால் தானாக வேகத்தைக் குறைத்தது. "என்ன வாசம்? கருகுற வாசமா? ஆயில் வாசமா?"

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடி, நன்றாக இழுத்து மூச்சு விட்டாள்.

"இல்ல. பவுடர் வாசம்."

பிறகு எனக்கும் வந்தது. இடுக்குகளில் ஒட்டிக் கிடந்த பவுடரின் மணம் சூட்டில் கிளம்பி, காற்று வருகிற துவாரம் வழியாக உள்ளே வந்திருந்தது. வண்டி முழுக்கக் குளிப்பாட்டி எடுத்த குழந்தையின் வாசம். மாமியார் வாய்விட்டே அழுதார். அவளுக்கு ஒரு வலி வந்து போனது. அது போன பிறகு, வியர்த்த முகத்தோடு என் தோளைத் தொட்டாள்.

"மூத்தவளும் கூடத்தான் வர்றா. நீங்க பயப்படாம ஓட்டுங்க."

நான் ஓட்டினேன். கால் மறுபடி வேகத்தைக் கூட்டியது.

மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த எனக்கே கேட்கிற மாதிரி அழுதாள் எங்கள் மகள்.

பிறகொரு நாள் பிரேக் பார்க்க டவுன் கராஜுக்குப் போனேன். பாஸ் பொனட்டைத் திறந்துவிட்டு, இஞ்சின் இடுக்குகளைக் காட்டி, இந்த வெள்ளை என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பவுடர் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தண்ணீர் அடித்துக் கழுவிவிடட்டுமா என்று குழாயை எடுத்தார்.

"வேணாம் பாஸ். அது அப்படியே இருக்கட்டும்" என்று பொனட்டை மூடினேன்.